பன்னிரண்டாம் திகதி வரை வராத ரிப்போர்ட்

2023 மார்ச் 9, வியாழக்கிழமை காலை. திருகோணமலை உவர்மலையில் ஒரு வீட்டில் கணினி ஒன்றைக் கழற்றி வைத்துக்கொண்டு இருந்தேன். நான் கணினி வேலை செய்து கொடுக்கும் கடன் சங்கத்தின் மூதூர்க் கிளையிலிருந்து நானா போன் எடுத்தார்.

"தம்பி, நேத்தும் ரிப்போர்ட் வரல்ல. வராட்டிப் பரவாயில்ல, போன்ல கேட்டு எழுதிக்கொள்ளலாம். வந்ததுதான் எனக்குப் பயமாயிருக்கு."

வராததைப் பற்றித்தான் ஒரு மாதமாகப் பேசிக்கொண்டிருந்தோம். வந்ததைப் பற்றி அதுவரை யாரும் வாய் திறக்கவில்லை. என்ன நானா என்று கேட்டேன். அவர் சொன்னது இதுதான். மூதூர்ப் பெண் ஒருவர், தாயைப் பெரியாஸ்பத்திரிக்குக் கிளினிக் கூட்டிவந்த அன்று, அதாவது மார்ச் 2ஆம் திகதி, அப்படியே நகரக் கந்தோரில் தன் கடன் தவணையைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். அன்று மாலை மூதூருக்குப் போன ரிப்போர்ட்டில் அவர் பெயர் இல்லை. செவ்வாய்க்கிழமை கள உத்தியோகத்தர் வீடு தேடிப் போய், வாசலில் நின்று தவணையைக் கேட்டிருக்கிறார். அந்தப் பெண் உள்ளே போய், உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்த பற்றுச்சீட்டை எடுத்து வந்து காட்டியிருக்கிறார்.

"பிள்ள அழுதிட்டுது தம்பி" என்றார் நானா.

அந்த ரிப்போர்ட்டைச் செய்து அனுப்பும் நிரலை எழுதியவன் நான். கணினியைத் திரும்பப் பூட்டிக் கொடுத்துவிட்டு நேரே கந்தோருக்குப் போனேன்.

சங்கத்தின் பெயர் வேண்டாம். சிறு கடன் கொடுத்து, தவணை வாங்கி, சேமிப்புப் போடும் இடம். நகரத்தில் தலைமைக் கந்தோர், மூதூரில் ஒரு கிளை. எந்த இடத்துக் கடனையும் எந்த இடத்திலும் கட்டலாம். அதனால் நகரத்தில் கட்டிய மூதூர்க்காரரின் பட்டியல் ஒவ்வொரு நாளும் மாலை மூதூருக்குப் போய்ச் சேர வேண்டும். முன்பெல்லாம் கணக்காளர் அக்கா அதைத் தட்டெழுதி, கையெழுத்து வைத்து, ஆள் மூலம் கொடுத்து விடுவாராம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறப்பதற்கு முன்னர் அது துறை கடந்து போக வேண்டிய காகிதம். வழியிலுள்ள மற்றப் பாலங்களும் வந்த பிறகு பஸ்ஸில் போனது. 2023 ஜனவரியில்தான் நான் அதைக் கணினிக்கு மாற்றிக் கொடுத்தேன். தரவுகள் அக்சஸ் என்ற மைக்ரோசொஃப்ட் தரவுத்தள மென்பொருளில். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெடியூலர் மாலை 5.30க்கு அக்சஸைத் திறக்கும். அன்றைய ரிப்போர்ட் பிடிஎஃப் ஆகும். அந்தக் கோப்பு மின்னஞ்சலில் மூதூருக்குப் போகும். யாரும் ஒரு பொத்தானையும் அழுத்த வேண்டியதில்லை. ஜனவரி முதலாம் திகதியிலிருந்தான பற்றுச்சீட்டுகளை அக்கா ஒவ்வொன்றாகப் பதிந்து தந்தார். பொங்கல் முடிந்ததும் ஓட விட்டோம். மாதக் கடைசி வரைக்கும் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தது.

பெப்ரவரி 3ஆம் திகதி வரவில்லை. 6, 7, 8, 9, 10 ஒன்றும் வரவில்லை. அந்த நாட்களில் கரண்ட் தினமும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் கரண்டைச் சொன்னார்கள், நானும் நம்பினேன். வேறு சந்தேகமும் இருந்தது. டாஸ்க் ஷெடியூலரில், ஆள் உள்ளே நுழைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடு என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதைப் போட்டால் அக்சஸ் திரையே இல்லாத ஓர் இடத்தில் திறக்கும். அங்கே ஒரு செய்திப் பெட்டி எழும்பினால் அழுத்த ஆள் இல்லை. ஒருவர் தன் கணக்கில் இணைத்து வைத்த நெட்வொர்க் டிரைவும் பிரின்டரும் அங்கே தெரியாமலும் போகும். ஆளில்லாமல் ஆஃபிஸ் மென்பொருள்களை இப்படி ஓட்டுவதைத் தாங்கள் பரிந்துரைப்பதில்லை என்று மைக்ரோசொஃப்ட் நெடுங்காலமாகவே எழுதி வைத்திருக்கிறது. ஆகவே அந்தத் தெரிவை எடுத்துவிட்டு, அக்காவின் கணக்கு திறந்திருக்கும்போது மட்டும் ஓடும்படி மாற்றினேன். யூபிஎஸ் ஒன்றும் வாங்கி வைத்தோம். 13ஆம் திகதி ரிப்போர்ட் வந்தது. அந்த வாரமே மின்வெட்டும் நின்றுவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்தோம்.

மார்ச்சில் கரண்ட் போகவில்லை. 7ஆம் திகதி ரிப்போர்ட் வரவில்லை, 8ஆம் திகதியும் வரவில்லை.

நான் கந்தோருக்குள் போனபோது அக்கா ஒன்றும் பேசாமல் சுவரிலிருந்த கலண்டரைக் கழற்றி மேசையில் வைத்தார். கடைக்காரர் வருடப்பிறப்புக்குக் கொடுக்கும் சாதாரண மாதக் கலண்டர். ரிப்போர்ட் வராத நாளையெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். பெப்ரவரித் தாளில் ஆறு வட்டம். மார்ச்சில் இரண்டு. பெப்ரவரித் தாளைத் தூக்கி மார்ச்சின் மேல் வைத்துப் பார்த்தேன். 12க்குப் பிறகு எங்கேயும் வட்டம் இல்லை. சனி ஞாயிறையும் போயா விடுமுறையையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் எல்லா வட்டமும் மாதத்தின் முதல் பன்னிரண்டு நாளுக்குள் அடங்கி நின்றன.

கரண்டுக்குத் திகதி தெரியாது. பிரின்டருக்கும் தெரியாது. பன்னிரண்டு என்ற எண்ணைக் கண்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. வருடத்தில் எத்தனை மாதம் என்று யோசித்தால் உங்களுக்கும் விளங்கும்.

அக்கா அடுத்ததாக ஒரு பிடிஎஃப் கோப்பின் பிரின்டையும் பற்றுச்சீட்டுப் புத்தகங்கள் இரண்டையும் எடுத்து வைத்தார். பிரின்ட் மார்ச் 2ஆம் திகதியுடையது. கோப்பின் பெயரில் அந்தத் திகதி. தலைப்பிலும் அதே திகதி. கீழே பெயர்கள், தொகைகள், கூட்டுத்தொகை, எல்லாம் ஒழுங்காக இருந்தன. அக்கா முதல் வரியிலிருந்த பற்றுச்சீட்டு இலக்கத்தில் விரலை வைத்தார். பிறகு புத்தகத்தின் காபன் பிரதியைப் புரட்டி அதே இலக்கத்தைக் காட்டினார்.

"தம்பி, நீங்க செய்தது பிழை எண்டு நான் சொல்லல்ல. ஆனா இந்த நம்பர் பெப்ரவரி மூண்டாந் திகதிப் புத்தகத்தில கிடக்கு. அண்டைக்கு நானே கையெழுத்து வச்சது."

காபன் நீலம் கொஞ்சம் பரவியிருந்தாலும் திகதி தெளிவாகத் தெரிந்தது. 2023.02.03. மார்ச் 2ஆம் திகதியின் பெயரில் மூதூருக்குப் போனது பெப்ரவரி 3ஆம் திகதியின் பட்டியல். 02/03 என்பதை யாரோ 03/02 என்று வாசித்திருக்கிறார்கள்.

நடந்ததைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். இதே வேலையை வேறு ஊர்களில் செய்பவர்கள் பலர் இருப்பீர்கள்.

அக்சஸில் ஒரு ரிப்போர்ட்டைக் குறிப்பிட்ட நாளுக்கு மட்டும் எடுக்க வேண்டுமானால், அந்தத் திகதியை இரண்டு ஹாஷ் (#) குறிகளுக்கு நடுவே வைத்து நிபந்தனையாகக் கொடுப்போம். நான் இன்றைய திகதியை எடுத்து, இரு பக்கமும் ஹாஷ் ஒட்டி அனுப்பியிருந்தேன். அப்படி ஒட்டும்போது திகதி எழுத்தாக மாறுகிறது. அந்த மாற்றம் கணினியின் வட்டார அமைப்பைப் பார்த்து நடக்கும். எங்கள் கணினியில் நாள் முதல், மாதம் அடுத்தது. ஆனால் நிபந்தனையை வாசிக்கும் தரவுத்தளப் பகுதி வட்டார அமைப்பைப் பார்ப்பதில்லை. ஹாஷுக்குள் சாய்கோடு போட்ட திகதி வந்தால் அமெரிக்க வழக்கப்படி மாதம் முதல் என்று எடுத்துக்கொள்ளும். மாதம் இருக்க வேண்டிய இடத்தில் 13 அல்லது அதற்கு மேல் வந்தால், அப்படி ஒரு மாதம் இல்லாததால், திருப்பி நாளாக வாசித்துக்கொள்ளும். அங்கேதான் ஏமாந்தோம். 13ஆம் திகதியிலிருந்து எல்லாம் சரியாக நடக்கும். நாங்கள் ஓட விட்டது பொங்கலுக்குப் பிறகு. பார்த்த நாளெல்லாம் சரியாகவே இருந்தது.

கையால் சோதித்தாலும் பிடிபடாது. தரவைத் தேடி எடுக்கும் குவெரியை வடிவமைக்கும் கட்டத்துக்குள் திகதியை நாமே தட்டினால், அக்சஸ் அதை நம் வட்டார வழக்கப்படி வாங்கி, உள்ளே சரியாக மாற்றிக்கொள்ளும். நான் சோதித்ததெல்லாம் அந்தக் கட்டத்தில். ஓடியது நிரலில் ஒட்டிய எழுத்து.

சரி, ஏன் சில நாள் வராமல் போனது, சில நாள் பிழையாக வந்தது? மார்ச் 7ஐத் திருப்பி வாசித்தால் ஜூலை 3. அந்த நாள் இன்னும் பிறக்கவில்லை, அதற்குப் பற்றுச்சீட்டும் இல்லை. ரிப்போர்ட் வெறுமை. வெறுமையான ரிப்போர்ட்டை அனுப்ப வேண்டாம் என்று, தரவு இல்லாதபோது நடக்கும் நிகழ்வில் ரத்துச் செய் என்று நானே எழுதியிருந்தேன். ரத்தானதும் அக்சஸ் 2501 என்ற பிழை இலக்கத்தைத் தரும், வெளியிடும் செயல் ரத்துச் செய்யப்பட்டது என்று சொல்லும். 2501 வந்தால் கண்டுகொள்ளாதே என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பது. நானும் அப்படியே விட்டிருந்தேன். ஆனால் 2501 பல வாசலால் வரும். தரவு இல்லாவிட்டாலும் வரும். பிரின்டர் இல்லாவிட்டாலும் வரலாம். எழுத வேண்டிய இடத்தில் எழுத முடியாவிட்டாலும் வரலாம். எந்த வாசலால் வந்தது என்று பார்க்காமல் கதவைச் சாத்தியதால்தான் ஒரு மாதம் கரண்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

மார்ச் 2ஐத் திருப்பினால் பெப்ரவரி 3. அது கடந்த நாள், பற்றுச்சீட்டு நிறைய இருக்கிறது. ரிப்போர்ட் நிறைந்து வந்தது. தலைப்பில் போட்ட திகதியை நான் தரவிலிருந்து எடுக்கவில்லை, கணினியின் கடிகாரத்திலிருந்து எடுத்திருந்தேன். அதனால் தலைப்பு மார்ச் 2, உள்ளே பெப்ரவரி 3. வராத நாளைத் தேடி அக்காவின் கலண்டரில் வட்டம் போட முடிந்தது. வந்த நாளுக்கு அப்படி எதுவும் இல்லை. அக்கா தன் பழக்கத்தில் பற்றுச்சீட்டு இலக்கத்தைப் பார்த்திராவிட்டால், அந்தப் பெண்ணின் பெயர் எங்கே போனது என்று இன்னும் தேடிக்கொண்டிருப்போம்.

அன்று ஒரு தாளை எடுத்து, விடுமுறை நாட்களைப் பார்க்காமல் கணக்குப் போட்டேன். வருடத்தில் நாளும் மாதமும் இடம் மாறக்கூடிய நாட்கள் 144. அதில் ஜனவரி 1, பெப்ரவரி 2 போல இரண்டும் ஒன்றாய் இருக்கும் 12 நாளில் பிழை வராது. மிச்சம் 132. அதில் 66 நாள் வருங்காலத்துக்குப் போகும், ரிப்போர்ட் வராது. 66 நாள் பழைய நாளுக்குப் போகும், பிழையான ரிப்போர்ட் வரும். இந்த 66உம் 66உம் வருடம் முழுக்கச் சமமாகப் பரவி இல்லை. ஜனவரியில் 2 முதல் 12 வரை எல்லாமே வராத நாட்கள். மாதம் ஏற ஏற வராத நாள் குறைந்து பிழையான நாள் கூடும். டிசம்பரில் வராத நாளே இல்லை, 1 முதல் 11 வரை தவறாமல் வரும், அத்தனையும் வேறொரு நாளின் கணக்கு. மார்ச்சில் பிடிக்காமல் விட்டிருந்தால், மாதத்துக்கு மாதம் ரிப்போர்ட் ஒழுங்காக வரத் தொடங்கிவிட்டது என்று நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டிருப்போம். மூதூரில் வாசல்களில் நின்று பற்றுச்சீட்டுக் காட்டுபவர்கள் கூடிக்கொண்டே போயிருப்பார்கள். இந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

இது சின்ன விஷயம் இல்லை. இங்கே தவணை கட்டுபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தவணை பிந்திவிட்டது என்ற பேச்சு அயலில் எழுந்தால் அதன் பாரம் என்னவென்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெண்ணிடம் பற்றுச்சீட்டு இருந்தது. தொலைத்திருந்தால் கந்தோரின் பிடிஎஃப்தான் சாட்சி. அது அழகாக அச்சடித்த பொய்யாக இருந்தது.

திருத்தம் ஒரு வரிதான். ஹாஷுக்குள் போகும் திகதியை வட்டார அமைப்பின் கையில் விடாமல், ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். 2023-03-09 என்று கொடுத்தால் எந்தக் கணினியிலும் ஒரே அர்த்தம். 1988இல் வந்த ஐஎஸ்ஓ 8601 தரம் சொல்வதும் இந்த ஒழுங்கைத்தான். நான் அதை அக்காவுக்கு விளக்கத் தொடங்க, அவர் காபன் பிரதியைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். அங்கே அவர் கையெழுத்தில் 2023.02.03. அரசாங்கக் கடிதங்களில் இங்கே அப்படித்தான் எழுதுவார்கள். "நாங்க சின்ன வயசிலயிருந்து இப்பிடித்தானே தம்பி எழுதுறம்" என்றார். கோப்பின் பெயருக்கு நானும் அதே ஒழுங்கைத்தான் போட்டிருந்தேன், பெயரில் சாய்கோடு வந்தால் விண்டோஸ் ஏற்காது என்பதற்காக. நிபந்தனைக்குப் போட மறந்திருந்தேன்.

ஒரு வரியோடு விட மனம் வரவில்லை. தலைப்பின் திகதியைத் தரவிலிருந்தே எடுக்கும்படி மாற்றினேன், உள்ளே பிழை நடந்தால் தலைப்பிலேயே தெரியட்டும். வசூல் இல்லாத நாளில் ரத்துச் செய்வதை நிறுத்தி, ‘இன்று வசூல் இல்லை’ என்று ஒரு பக்கம் போகச் செய்தேன். இனி எதுவும் வராவிட்டால் அது கோளாறு என்று நானாவுக்குத் தெரியும். அனுப்புவதற்கு முன் ரிப்போர்ட்டின் கூட்டுத்தொகையையும், பற்றுச்சீட்டு அட்டவணையிலிருந்து தனி வழியில் எடுத்த அன்றைய கூட்டுத்தொகையையும் ஒப்பிட்டு, ஒரு ரூபா வித்தியாசம் இருந்தாலும் அனுப்பாமல் அக்காவின் திரையில் சொல்லும்படி வைத்தேன். ஒவ்வொரு ஓட்டத்தையும், எந்தப் பிழை இலக்கம் என்பதோடு, ஒரு சிறு கோப்பில் எழுதி வைக்கிறது. முன்னைய நாள் கோப்பை யாராவது வாசிப்பானில் திறந்து வைத்திருந்தால் மேலெழுத முடியாமல் போவது இன்னொரு தொல்லை. அதற்கு, தற்காலிகப் பெயரில் எழுதி முடித்த பிறகே உரிய பெயருக்கு மாற்றும்படி செய்தேன்.

பிரின்டர் பற்றியும் ஒரு வார்த்தை. பிடிஎஃப்தானே, பிரின்டர் எதற்கு என்று கேட்பார்கள். அக்சஸ் ரிப்போர்ட்டின் பக்கத்தை இயல்புநிலைப் பிரின்டரின் அளவைப் பார்த்துத்தான் ஒழுங்குசெய்கிறது. விண்டோஸ் 10இல் இயல்புநிலைப் பிரின்டரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஒரு தெரிவு உண்டு. அது போட்டிருந்தால், கடைசியாகப் பயன்படுத்திய பிரின்டரே இயல்புநிலை ஆகிவிடும். பற்றுச்சீட்டு அடிக்கும் சின்னப் பிரின்டர் அப்படி ஆனால் பக்கம் குலைந்து போகும். அந்தத் தெரிவை நிறுத்துங்கள்.

தமிழ் எழுத்துப் பக்கம்தான் இன்னும் முழுதாக முடியவில்லை. பழைய உறுப்பினர் பெயர்கள் எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டியவை. பாமினியில் திரையில் ‘அம்மா’ என்று தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் புள்ளிக்குப் பதிலாக ஓர் அரைப்புள்ளியும். பிடிஎஃபில் எழுத்துருவும் சேர்ந்து போவதால் கண்ணுக்குச் சரி. நானா ஒரு பெயரைத் தேடினால் கிடைக்காது, நகல் எடுத்து ஒட்டினால் ஆங்கிலக் குழப்பம் வரும். குறிப்பு எழுத வேர்ட் கோப்பாகத் தரச் சொன்னார். அக்சஸ் வேர்டுக்காகக் கொடுக்கும் ஆர்டிஎஃப் கோப்பில் கோடுகளும் பெட்டிகளும் போகாது, அவருடைய கணினியில் பாமினியும் இல்லை. அவர் திறந்து பார்த்தது பெட்டி இல்லாத ஆங்கில எழுத்துக் குவியல். ஆகவே பெயர்களை யூனிகோடுக்கு மாற்றத் தொடங்கினோம். மாற்றி மென்பொருள் பெரும்பாலும் சரியாகச் செய்கிறது, ஆனாலும் ஒவ்வொரு பெயரையும் அக்கா கண்ணால் பார்த்துத்தான் விடுகிறார். மனிதர்களின் பெயர் என்பதால் அது அவசியம் என்பதே என் எண்ணமும். இன்னொன்று, நிரல் எழுதும் சாளரத்துக்குள் தமிழை நேரே ஒட்டினால் கேள்விக்குறிகளாக மாறிவிடும். அந்தச் சாளரம் யூனிகோடு தெரியாத பழையது, தமிழுக்கென்று பழைய விண்டோஸ் குறியீட்டுப் பக்கமும் (எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் அட்டவணை) இல்லை. தலைப்புகளையும் செய்திகளையும் ஓர் அட்டவணையில் வைத்து, அங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பிழையாகப் போன நாட்கள் மூன்று. பெப்ரவரி 1, மார்ச் 1, மார்ச் 2. மூன்றையும் திரும்ப எடுத்து, முன்னையதை நீக்கவும் என்று மேலே எழுதி, அக்காவின் கையெழுத்தோடு நானே மூதூருக்குக் கொண்டுபோனேன். நானா பழைய மூன்று பிரின்டுகளையும் ஃபைலிலிருந்து கழற்றி, குறுக்கே கோடு போட்டு, புதியதற்குப் பின்னால் சேர்த்து வைத்தார். கட்டாத தவணையைக் கட்டியதாகப் பதிந்த பெயர்களும் அதில் சில இருந்தன, ஒவ்வொன்றாகத் திருத்தினோம். அப்புறம் கள உத்தியோகத்தரும் நானாவும் நானும் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனோம். பிழை எங்களுடையது என்று சொன்னோம். "பரவாயில்ல சேர், உம்மாட கிளினிக் துண்டோட ஒண்டாத்தான் வச்சிருந்தன்" என்றார் அவர். இருக்கச் சொல்லித் தேத்தண்ணி தந்தார்.

ஏப்ரல் 3ஆம் திகதி திங்கட்கிழமை. பழைய நிரலாக இருந்தால் மார்ச் 4ஐத் தேடி, சனிக்கிழமை என்பதால் வெறுங்கையோடு திரும்பியிருக்க வேண்டிய நாள். 5.30க்கு நான் கந்தோரில் நின்றேன். 5.34க்கு நானா போன் எடுத்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தைத் திறந்தார். நானா முதல் வரியின் இலக்கத்தை வாசித்தார். அக்கா காபன் பிரதியில் விரலை வைத்து, "ம்ம், அடுத்தது" என்றார்.